வாயில் வராத பெயரும் குரக்கன் ரொட்டியும்

அன்புள்ள மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது, நீ அம்மாவோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் தெரிந்துகொள்கிற விஷயமாகிவிட்டது. "அப்பா சாப்பிட்டாரா, மருந்துக் குளிசை போட்டாரா?" என்று அவளிடம் கேட்கிறாய். அவளும் சொல்கிறாள். போனை அப்பாவிடம் கொடுங்கள் என்று மட்டும் நீ சொல்வதில்லை. எனக்கும் வீம்பு உண்டு, நானும் கையை நீட்டுவதில்லை. தை மாதம் உன் கல்யாணம். அதற்குள் இந்த வீம்பை இரண்டு பேரில் ஒருவர் விட வேண்டும். நீ என் பிள்ளை, லேசில் விட மாட்டாய். அதனால் நானே விடுகிறேன். போனில் பேசினால் நடுவில் எனக்குச் சொல் நின்றுவிடுகிறது. நீ அங்கே "ஹலோ, ஹலோ" என்பாய், எனக்குக் கோபம் வரும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை, சொல் வரும்வரை பேனா காத்திருக்கும். மத்தியானக் கூட்டம் போன பிறகு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். யாராவது பிளேன்டீ கேட்டால் எழுந்து போய்விட்டு வருவேன். எழுத்து ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தால் பயந்துவிடாதே. கை இன்னும் முழுதாக என் சொல் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று மண்டபத்தில் பேசுவதற்கும், பெண்ணை நம் வீட்டு வாசலில் பெயர் சொல்லி உள்ளே அழைப்பதற்கும் அப்பா வேண்டாம், பெரியப்பா செய்யட்டும் என்று நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் உன் பெரியப்பாவுக்கு ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கடைக்கு வந்து ரொட்டி தின்றுகொண்டே, "என்னா தம்பி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத, பையன் பயப்படுறான்" என்றார். நீ பயப்படுவது நியாயம்தான். எஹலியகொடையில் நடந்ததை நான் மட்டும் மறந்துவிட்டேனா? மறதி வந்ததிலிருந்து மறக்க வேண்டியது எதுவும் மறக்கவில்லை, அதுதான் கொடுமை.

பரிசம் போட எஹலியகொடைக்குப் பெண் வீட்டுக்கு நாம் வேன் பிடித்துப் போன அன்று, வழி நெடுக நான் அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "எங்க மகனுக்கு உங்க மகள் தாரணிய கேட்டு வந்திருக்கோம்." அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அவர்களுடைய அரைக்கும் மில்லுக்குப் பின்னால் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஊரே கூடியிருந்தது. நான் எழுந்தேன், தொண்டையைச் செருமினேன், சொன்னேன். வாயிலிருந்து வந்தது தாரணி இல்லை, சுமதி. என் தங்கச்சி மகள் சுமதி. உனக்கு முறைப்பெண் என்று சிறு வயதிலிருந்தே சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்லிவந்த அதே சுமதி. அவளே அங்கே பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவம், அந்தப் பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. நான் தப்பைத் திருத்தப் போய், திரும்பவும் அதே பெயரைத்தான் சொன்னேன். பெண்ணின் தகப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ, "மாப்பிள வீட்டு ஆளு காலையிலயே போட்டுட்டு வந்திருக்காரு" என்றார்கள். நான் குடித்திருக்கவில்லை. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பாதான் எழுந்து சமாளித்தார், தட்டு மாறியது. நீ வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை, டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதன் பிறகு சில நாளிலேயே, கடையில் தேத்தண்ணி ஆற்றும்போது கை கிளாசுக்கு வெளியே ஊற்றியதும், வாய் ஒரு பக்கம் இழுத்ததும், அம்மா என்னை த்ரீவீலில் தூக்கிப் போட்டுக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் உனக்குத் தெரிந்த கதை. நீயும் வந்தாய். ஒரு குறையும் வைக்கவில்லை, ஓடி ஓடிச் செய்தாய். ஆனால் வார்டுக்கு வெளியே நின்று அம்மாவிடம் சொன்னாயே, "அப்பாவோட மனசுல சுமதிதான் இருக்கா, அதான் வாயில வந்திச்சு" என்று, அது கட்டிலில் கிடந்த என் காதில் விழுந்தது. வாய்தான் கோணியிருந்தது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பதில் சொல்லத்தான் இத்தனை காகிதம். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சுமதியை உனக்குக் கட்டிவைக்க எனக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்தது, தங்கச்சிக்கும் இருந்தது. நீ தாரணியைப் பற்றிச் சொன்ன அன்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததும் உண்மை. பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தேன், பிடித்துப் போயிற்று, மனதாரச் சரி என்றேன். பரிசத்தன்று என் மனதில் இருந்தது தாரணிதான். மனதிலிருந்து வாய்க்கு வருகிற வழியில் எங்கோ அடைத்திருக்கிறது. இது நான் கட்டிய கதை இல்லை. தலையைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர் நோனா, அந்தச் சிங்கள அம்மா, இப்போது அடைத்தது ஒன்று, அதற்கு முன்னாலேயே சின்னச் சின்னதாக அடைத்துப் போனவை வேறு என்று காட்டினார். மூளைக்குள் நூல் மாதிரி மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றனவாம். பிரஷர் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்தால் அவை தடித்து, அடைத்து, அந்தந்த இடம் பசியால் செத்துப்போகுமாம். வலிக்காதாம், வெளியே தெரியாதாம். ஒரு நாள் ஒரு பெயர் வராது, அவ்வளவுதான். "அன்னைக்குப் பேர் மாறினதும் இதனாலதானா?" என்று நான் சிங்களத்தில் கேட்டேன். அவர் சத்தியம் பண்ணவில்லை. இருக்கலாம் என்றார். எனக்கு அந்த "இருக்கலாம்" போதும். உனக்குப் போதுமா என்று தெரியவில்லை.

பிரஷர் எனக்குப் புதிது இல்லை. கிளினிக்கில் சொல்லி, குளிசையும் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. இங்கேதான் உன் அப்பாவின் புத்திசாலித்தனத்தை நீ கேட்க வேண்டும். கடைக்கு வருகிற ஒருவர் சொன்னார், குரக்கன், நம் பெரியவர்கள் கேழ்வரகு என்பார்களே அது, சாப்பிட்டால் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் தன்னால் இறங்கிவிடும் என்று. நான் பராட்டாக்காரன், வெள்ளை மாவில் கையை வைத்தே வாழ்ந்தவன். குரக்கன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம் என்று பக்கெட் பக்கெட்டாக, கடையில் உறையில் அடைத்து விற்கிற குரக்கன் மா வாங்கினேன். காலையில் குரக்கன் பிட்டு, பின்னேரம் குரக்கன் ரொட்டி. வெறுமனே இறங்குமா? அதன் மேல் கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாணி. நம் கேகாலைப் பக்கத்தில் கித்துளுக்கு என்ன பஞ்சம்? சீனிதானே கூடாது, இது மரத்திலிருந்து இறக்கியது, மருந்து மாதிரி என்று குழைய ஊற்றிச் சாப்பிட்டேன். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு, உள்ளங்கையில் கித்துள் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துக் குடித்தேன். மத்தியானத்துக்கு வழக்கமான வெள்ளைச் சோறு, அதில் ஒரு பிடியும் குறையவில்லை. இத்தனை மருந்து சாப்பிடுகிறவனுக்குக் குளிசை எதற்கு? நிறுத்திவிட்டேன். அம்மாவுக்குக் கூடத் தெரியாமல் காதும் காதும் வைத்தாற்போல் நிறுத்தினேன்.

டொக்டர் நோனா இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "குரக்கன் பெஹெத் நெமெய், கேம!" என்றார். குரக்கன் மருந்தில்லை, சாப்பாடு என்று. அந்த ஒரு வரியை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாடு செய்கிற வேலையைச் சாப்பாடு செய்யும், குளிசை செய்கிற வேலையைக் குளிசை செய்யும், ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். செத்துப்போன இடத்தை எந்தத் தானியமும் உயிர்ப்பிக்காது, மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனையும் என்றும் சொன்னார். நான் கேட்காமலே, உங்கள் மகனுக்கும் பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி உனக்குச் சொல்கிறேன். ஒரு நெல்மணியை எடுத்துக்கொள். உமியை நீக்கினால் சிவப்பாக ஒரு தவிட்டுத் தோல், ஒரு முனையில் முளைக்கிற கரு, நடுவில் வெள்ளை மாச்சத்து. மில்லில் போட்டு வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தோலும் கருவும் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது மாச்சத்து மட்டும்தான். கோதுமையும் அப்படித்தான், பராட்டாவுக்கு நான் அடிக்கிற மா அத்தனையும் அந்த நடுப்பகுதிதான். தோல் இல்லாத மா வயிற்றுக்குள் போனதும் சட்டென்று சீனியாகி இரத்தத்தில் ஏறுமாம். தோலோடு சாப்பிட்டால் அது மெதுவாகக் கரையுமாம், கொழுப்பையும் கொஞ்சம் பிடித்து இழுத்துக்கொண்டு போகுமாம், அதனால் குழாய்களுக்கு அடி குறைவு. நம் உடம்பில் அதிகம் தின்கிற உறுப்புகளில் மூளையும் ஒன்று. உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஓயாமல் தின்னும், கடையில் பெரியப்பா மாதிரி. அதற்குச் சாப்பாடு போகிற குழாய் நன்றாக இருந்தால்தான் அது நன்றாக இருக்கும். தோலோடு சாப்பிடுகிறவனுக்கு ஒருநாளும் மறதி வராது என்று அவர் சொல்லவில்லை. உப்பு, சீனி, புகை, தூக்கம், நடை எல்லாம் சேர்ந்துதான் என்றார். ஆனால் தினமும் வாயில் போடுவது நம் கையில்தானே இருக்கிறது.

இதை எழுதும்போது என் அப்பாவின் ஞாபகம் வருகிறது. நீ அவரைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் றப்பர் பால் வெட்டினார். விடிய முன்னால் தடித்த கோதுமை ரொட்டியும் அரைத்த மிளகாயும் ஒரு துணியில் முடிந்துகொண்டு மலை ஏறுவார். நாங்கள் எல்லோரும் அந்த ரொட்டியில்தான் வளர்ந்தோம். அதை நான் கேவலமாகச் சொல்ல மாட்டேன், பசி தெரியாமல் வளர்த்தது அதுதான். அந்தச் சம்பளத்துக்கு அது ஒன்றுதான் வயிற்றில் நின்றது. வெள்ளைச் சோறு என்றால் தீபாவளி, கல்யாணம், சாவு. ஆகவே கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும் நாங்கள் முதலில் செய்தது சோற்றை வெள்ளையாக்கியதுதான். அப்பா கடைசிக் காலத்தில் என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தோட்டத்து லய வீடுகளில் உள்ளவர்கள், "பெரியவருக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, வயசாச்சுல்ல" என்பார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அவருக்கு அப்போது எனக்கு இப்போதிருக்கிற வயதுதான். பெயர் மாறிக் கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம், அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பயமாக இருந்திருக்கும். அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீ வேலைக்குப் போன முதல் மாதம் கொழும்பிலிருந்து என்ன கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மூட்டை கீரி சம்பா. மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை அரிசி. பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் சுமந்துகொண்டு கடைத்தெரு வழியாக வந்தாய். நான் அந்த மூட்டையை வீட்டுக்கு அனுப்பாமல் கடை முன்னாலேயே வைத்திருந்தேன், வருகிறவர்களெல்லாம் கேட்கட்டும் என்று. "மகன் கொண்டாந்தது" என்று சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை எனக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதையே கொண்டுவருகிறாய். நீ இனி அதைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். சிவப்பு அரிசி கொண்டுவா, தவிடு போகாத அரிசி. அதையும் நான் கடை முன்னால்தான் வைப்பேன்.

இப்போது வீட்டில் அம்மா ஆட்சி. சிவப்பரிசியை ஊறவைத்துத்தான் வேக வைக்கிறாள், இல்லாவிட்டால் என் பல் ஒத்துழைக்காது. சோறு குறைந்துவிட்டது, கீரையும் பருப்பும் கூடிவிட்டது. காலையில் அவித்த பயறு, தேங்காய்ப்பூ தூவி. பிட்டுக்குப் பாணி கிடையாது, காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல்தான், அதிலும் உப்பு பாதி. முதல் வாரம் நான் போட்ட சண்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பண்டார மஹத்தயா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. "என்னாங்க, கத்துறதுக்கு வாய் நல்லாத்தானே வருது, மெல்லுறதுக்கு மட்டும் என்னா?" என்றாள். குளிசையை அவளே உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள். கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்தில் என்னை இப்படி அவள் உற்றுப் பார்த்ததே இல்லை.

கடையிலும் குரக்கன் ரொட்டி போட்டுப் பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னா மொதலாளி, எங்களுக்கு என்னா வருத்தமா?" என்று கேட்டார்கள். குரக்கன் என்றால் நோயாளிச் சாப்பாடு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. கொழும்பில் அதையே கண்ணாடி போட்ட ஹோட்டலில் யானை விலைக்கு விற்கிறார்களாம், நீதான் சொன்னாய். நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுட்டு, சுடச்சுட ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறேன். தின்றுவிட்டு இன்னொன்று கேட்கிறவர்கள் உண்டு. பராட்டா இன்னும் போடத்தான் செய்கிறேன். அதை விட்டால் அடுப்பு எரியாது. பொய் சொல்லி என்ன?

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாரணியும் அவள் அப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உனக்குச் சொல்லாமல்தான் வந்தார்கள். உன் அம்மா வாசலில் அவர்களைக் கண்டதும் கல்யாணத்தை நிறுத்தத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தது. மில்லில் அவள் அப்பா தோலோடு அரைத்து, சலிக்காமல் கட்டிக்கொடுத்த குரக்கன் மா. நான் பெருமையாக நம் வீட்டுப் பக்கெட்டைக் காட்டி, நாங்களும் இதைத்தான் சாப்பிடுகிறோம் என்றேன். அவள் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள், பொடி எழுத்தை வாசித்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, இதுல மொதல்ல போட்டிருக்கிறது கோதும மா. அதிகமா உள்ளதத்தான் மொதல்ல போடுவாங்க, குரக்கன் அதுக்குப் பொறகுதான்" என்றாள். குரக்கன், குரக்கன் என்று இத்தனை நாளும் நான் தலையில் தூக்கி வைத்து ஆடியது பாதிக்கு மேல் என் பராட்டா மாதான்! அவள் அப்பா அதுவரை உம்மென்று உட்கார்ந்திருந்தவர், அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எஹலியகொடையில் அவர் கீழே வைத்த தட்டு அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகக் கைமாறியது.

அப்போதுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. எதிரிலேயே அவள் இருக்கிறாள், மனதுக்குள் பெயர் முழுசாக இருக்கிறது, நாக்கில் மட்டும் இல்லை. சுமதி என்று வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மகனே. கடையில் இத்தனை பேர் முன்னால் வாய் அடிக்கிற உன் அப்பா, ஒரு சின்னப் பிள்ளை முன்னால் அழுதேன். கொஞ்சம் பொறுத்து, "பேர் வரலன்னா மகளேன்னு கூப்பிடட்டுமாம்மா?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும், "பரவாயில்லை மாமா" என்று சொல்லியிருப்பார்கள். அவள் சொன்னது வேறு.

அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உன் கம்பெனியில் உடம்பைப் பரிசோதித்தபோது பிரஷர் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய், பஸ் ஏறி ஓடி வந்ததால் என்று. நானும் அந்தக் காலத்தில் அடுப்புச் சூட்டால் என்றுதான் சொன்னேன். தயவுசெய்து திரும்பப் போய் ஆறுதலாக, அவசரப்படாமல் உட்கார்ந்து பார்த்துக்கொள். டொக்டர் என்ன சொல்கிறாரோ அதைத் தாரணியிடமும் சொல். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியாத ஒரு உடம்பு வருத்தத்தை வைத்துக்கொண்டு மணவறையில் உட்காராதே. குளிசை தந்தால் குளிசையைப் போடு. குரக்கன் தின்கிறேன் என்று என்னைப் போல் நிறுத்தாதே. காலையில் பேக்கரிப் பனிஸும், வேலை முடிந்து கொத்து ரொட்டியும் தின்று காலம் தள்ளுவதை விடு. அடுப்பை அவள் தலையில் மட்டும் கட்டிவிடாதே. அவளும் வேலைக்குப் போகிறவள். சிவப்பரிசியைக் காலையில் ஊறப் போட்டுவிட்டுப் போனால் பின்னேரம் அவிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பயறு அவிக்கத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடு. சொல் வராவிட்டாலும் செய்து காட்டுவேன். பக்கெட்டில் எது வாங்கினாலும் பின்னால் திருப்பிப் பார். நீங்கள் இரண்டு பேரும் கிழவனும் கிழவியுமாகும்போது ஒருவர் பெயரை ஒருவர் தடுமாறாமல் கூப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கால் நன்றாக நடக்கிறது, கை திரும்பிக்கொண்டிருக்கிறது. சொல் மட்டும் சில நாள் கடை திறக்கிறது, சில நாள் பூட்டிக்கிடக்கிறது. விடிந்ததும் கடைத்தெரு முடியும்வரை நடந்துவிட்டு வருகிறேன், வழியில் தெரிந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. சிலர் பெயர் மாறிவிடுகிறது. பஸ் கண்டக்டர் ஒருவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அவர் அந்தப் பெயருக்கே திரும்பி, "ஹரி முதலாளி", சரி முதலாளி, என்று கை காட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மண்டபத்தில் பெரியப்பாவே பேசட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு மைக் பிடிக்கும். ஆனால் நம் வீட்டு வாசல் என் வாசல். தாலி கட்டி முடிந்து நீ அவளை அழைத்துக்கொண்டு வரும்போது, அம்மா ஆரத்தி சுற்றிய பிறகு, வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்று நான்தான் கூப்பிடுவேன். ஊர் சிரிக்குமோ என்று நீ பயப்படுகிறாய். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை, உன் முகத்தைப் பற்றித்தான் பயம். எஹலியகொடையில் அந்தப் பெயர் வாயிலிருந்து விழுந்ததும் நான் முதலில் பார்த்தது உன் முகத்தைத்தான். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அது எனக்கு மறக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளே என்று கூப்பிடட்டுமா என்று நான் கேட்டதற்குத் தாரணி சொன்ன பதில் இதுதான்: "மகளேன்னும் கூப்பிடுங்க மாமா, ஆனா பேரையும் சொல்லணும். நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் நான் உள்ள கால் வைக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி, வாசல்லயே நிக்கிறேன்."

அவள் நிற்பாள், எனக்குத் தெரியும். பக்கத்தில் நீயும் தலையை நிமிர்த்திக்கொண்டு நில்.

அன்புடன்,
அப்பா